ஒருபரிமாண எஞ்சின் மொடல்: 5000க்கு மேல் மூச்சு முட்டுகிறது

கேள்வி (கிளிநொச்சி):
வணக்கம். அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் நாலாம் ஆண்டு. வீட்டில் ஓடாமல் நின்ற 97.2 சிசி மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றி அளந்து (போர், அதாவது சிலிண்டர் விட்டம், 50 மிமீ; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 49.5) ஓபன்வாம் என்கிற, பைப் நீளவாக்கில் மட்டும் காற்றோட்டத்தைக் கணிக்கும் இலவச மென்பொருளில் மொடல் கட்டியிருக்கிறேன், காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் எல்லாம் எங்களுக்கு எட்டாது. 2000, 3000 ஆர்பிஎம்மில் பரவாயில்லை. 5000 தாண்டினால் சிலிண்டருக்குள் காற்றே போவதில்லை, வால்யுமெட்ரிக் எஃபிசியன்சி (சிலிண்டர் கொள்ளளவுக்கு எவ்வளவு காற்று நிரம்புகிறது என்ற கணக்கு) 40 சதவீதத்துக்கும் கீழே. பைப் நீளத்தை மாற்றினேன், எரிதலுக்கான வீபே எண்களை மாற்றினேன், அசையவே இல்லை.

பதில் (வவுனியா):
தம்பி, வீபேயை விடும். எரிதல் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், காற்று வராத நோய்க்கு அதில் மருந்தில்லை. எரிப்பை நிறுத்திவிட்டு எஞ்சினைச் சும்மா சுழற்றி ஓட்டிப் பாரும். அப்போதும் முட்டினால் வால்வ் பக்கம்தான் பிழை. இன்டேக் பைப்பை எத்தனை மிமீ துண்டுகளாகப் பிரித்தீர்? போரின் 0.4 மடங்கு, அதாவது 20 மிமீ, போதும். இன்னும் சின்னதாக வெட்டினால் கணக்கு ஒவ்வொருதரமும் முன்னே வைக்கும் நேரப்படியும் சுருங்கும், லாப்டொப் விடிய விடிய ஓடும். வால்வ் லிஃப்டை, அதாவது வால்வ் எவ்வளவு திறக்கிறது என்பதை, எப்படி அளந்தீர்?

கேட்டவர்:
20தான் போட்டேன். எரிப்பு இல்லாமலும் அதே முட்டல்தான். லிஃப்ட், கேம்ஷாஃப்டைத் தனியே கழற்றி, பாகைமானி ஒட்டி, டயல் கேஜ் வைத்து 5 பாகைக்கு ஒருதரம் அளந்தது.

பதில் (பரந்தன், கராஜ்):
எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது, ஆனால் ஒன்று கேட்கிறேன். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. நீர் எழுதினது எந்தப் பாகை? அப்புறம், கேமைத் தனியே அளந்தால், அதன் அசைவை வால்வுக்குக் கடத்துகிற ரொக்கர் ஆர்ம் கணக்கு எங்கே போனது, இடையில் விடுகிற டப்பெட் இடைவெளியைக் கழித்தீரோ? சிலிண்டர் தலையைப் பூட்டி வால்வின் மேலேயே கேஜை வையும்.

கேட்டவர்:
ஐயோ அண்ணை. கேம் பாகையை அப்படியே கிராங்க் பாகையாகக் கொடுத்திருக்கிறேன், வால்வ் பாதி நேரம்தான் திறந்திருக்கிறது! இரண்டால் பெருக்கி, நீங்கள் சொன்னபடி வால்வில் திரும்ப அளந்து ஓட்டினேன். இப்போது 7000இலும் 80க்கு மேல். இரண்டு கிழமை வீண்.

பதில் (வவுனியா):
வீணில்லை, எல்லோரும் ஒருதரம் விழுந்த கிடங்குதான் அது. இனி வெப்பநிலைகளைப் பாரும். வெளிக்காற்றை 25 பாகை என்று விட்டிருந்தால், எங்கள் ஊரின் 35க்கு மாற்றும், அடர்த்தி 3 சதவீதமளவு குறையும். எக்ஸோஸ்ட் பக்கம் இன்னும் பெரிய விஷயம். 20 பாகையில் ஒலி செக்கனுக்கு 343 மீட்டர், 600 பாகையில் 590 அளவில், பைப்பைக் குளிராக விட்டால் அதற்குள் போய்வரும் அழுத்த அலை பிந்தித் திரும்பும். சைலன்சருக்குள் எத்தனை அறை என்று வெட்டிப் பார்த்தீரா?

கேட்டவர்:
அப்பாவின் சைக்கிள் அண்ணை. எஞ்சினைக் கழற்றினதற்கே இன்னும் முகம் பார்த்துக் கதைக்கிறார் இல்லை.

பதில் (பரந்தன், கராஜ்):
அதே மொடலில் துருப்பிடித்த சைலன்சர் ஒன்று என்னிடம் கிடக்கிறது. சனிக்கிழமை வாரும், கிரைண்டரும் இருக்கிறது.