'ஸ்டெயின்ட் வாட்டர்': கலங்கலா, வேறு சொல்லா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் நன்னீர்த் தூண்டில் சொல்தொகுதியில், நிறம் மாறிய தண்ணீரைக் குறிக்கும் 'ஸ்டெயின்ட் வாட்டர்' முட்டிக்கொண்டு நிற்கிறது. வரைவில் 'கறைநீர்' என்று இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. கறை துணியில் படிவது. ஆற்றுக்குக் கறை என்றால் ஏதோ பழி சுமத்துவது போல் இருக்கிறது. 'சாயநீர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். திருப்பூர்ப் பக்கம் அதைப் படிக்கிறவர் சாயப்பட்டறைக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றைத்தான் நினைப்பார். பேசாமல் 'கலங்கல்' என்றே வைத்துவிடலாமா?

மீன் பெயர்களைத் தொட வேண்டாம். நீலகிரியில் நூறாண்டுக்கு மேலாக ட்ரவுட், ட்ரவுட்தான். ஸ்டீல்ஹெட்டும் அதே வானவில் ட்ரவுட் இனம். கடலிலோ பேரேரியிலோ வளர்ந்து, முட்டையிட ஆறு ஏறி வருவது. 'பைக்' மட்டும் எப்போதும் 'பைக் மீன்' என்றே வரட்டும். இல்லையென்றால் வாசகர் மனதில் இரண்டு சக்கரம் ஓடும்.

– சு.

*

வணக்கம் அண்ணா.

கலங்கல் என்ற ஒரு சொல் மட்டும் போதாது. அந்த ஆங்கிலச் சொல்லை இங்கே கனடாவில், ஒன்ராறியோவில் இரண்டு வேறு தண்ணீருக்குச் சொல்கிறார்கள், அதில்தான் புதிதாகத் தூண்டில் பிடிக்கிற ஆட்கள் இடறுகிறார்கள். மழைக்குப் பிறகு கிராண்ட் ஆற்றின் கீழ்ப்பகுதி களிமண் கரைந்து வரும். அது பால் விட்ட தேத்தண்ணி. அல்கொன்குவின் வனப்பூங்காப் பக்கத்து ஆறுகள் சதுப்பிலும் ஊசியிலைக் காட்டிலும் ஊறி வருகிறவை, அது வெறுந்தேத்தண்ணி. முன்னதில் மண் துகள் மிதக்கிறது. பின்னதில் நிறம் கரைந்திருக்கிறது, துகள் இல்லை.

சந்தேகம் என்றால் ஒரு கண்ணாடிப் போத்தலில் அள்ளி, பின்னால் விரலை வைத்துப் பாருங்கோ. விரலின் விளிம்பு மங்கினால் மண். விளிம்பு கூராக, ஆனால் மஞ்சளாகத் தெரிந்தால் காட்டுத் தண்ணீர். இரவு அப்படியே வைத்தால் முதலாவதில் அடியில் மண் படியத் தொடங்கும். மற்றது விடிந்தாலும் அதே நிறம்தான். இந்த வித்தியாசம் தெரியாமல், "தண்ணி தெளியட்டும்" என்று காட்டாற்றங்கரையில் நாட்கணக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு. அது தெளியாது. மாறாக, ஓக் ரிட்ஜஸ் மொறெயின் மணல்மேட்டில் ஊற்றெடுக்கிற கனரஸ்கா போன்ற ஆறு, களிமண் ஆற்றைவிடக் கெதியாகத் தெளிந்துவிடும்.

தூண்டிலும் மாறும். மண் கலங்கினால் ஒளி சிதறுகிறது, எந்த நிறமும் தூரத்தில் எடுபடாது. கண்ணுக்கு எட்டுவது 15 செ.மீ.க்குக் கீழ் என்றால் ஸ்டீல்ஹெட் நடு ஓட்டத்தை விட்டுக் கரையோரம், வேகம் குறைந்த இடத்தில் ஒதுங்கும். அங்கே மீன்முட்டைப் பொட்டலத்தை 2 செ.மீ. அளவுக்குப் பெரிதாகக் கட்டி, ஒளிரும் இளஞ்சிவப்பு வலையில் போட்டு, 8–10 இறாத்தல் தாங்கும் தங்கூசியில் (நைலான் தூண்டில் நூல்) அதே கோட்டில் பல தரம் விட வேண்டும். மிதவை ஓட்டத்தைவிட வேகமாகப் போனால் மீன் இரையைக் காண முதலே அது கடந்துவிடும். கண்ணாடி போலத் தெளிந்த நாளில் நேர் எதிர்: 4–6 இறாத்தல் புளோரோகாபன் நூல், 1 செ.மீ. பொட்டலம், வெளிறிய நிறம்.

வெறுந்தேத்தண்ணி ஆற்றில் மீன் உருவத்தை நன்றாகவே காணும். போகிறது நிறம்தான். கரைந்த சாறு நீல ஒளியைக் குடித்துவிடும். நீல முதுகு வைத்த ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) கொஞ்ச ஆழத்திலேயே கறுப்பாகிவிடும். ஒளிரும் சாயங்கள் பலவும் நீலத்தையும் புற ஊதாவையும் வாங்கித்தான் மினுங்குகின்றன, ஆகவே அவையும் ஆழத்தில் சோர்ந்துவிடும். செம்பு, பொன், செம்மஞ்சள் நிற்கும்.

பைக் மீன் இன்னும் தெளிவாகக் காட்டும். கலங்கிய தண்ணீரில் அது உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுறுப்பான பக்கக்கோட்டின் அதிர்வுணர்வைக் கூடுதலாக நம்பி அடிக்கிறது. அகன்ற, வட்டத் தகடு வைத்த ஸ்பின்னரை (தகடு சுழலும் போலி இரை) மெதுவாக இழுத்தால்தான் அந்த அதிர்வு போய்ச் சேரும். கெதியாக இழுத்தால் குறி தவறி வாலைக் கவ்வும், அல்லது விட்டுவிடும். காட்டுத் தண்ணீரில் கண்ணால் பார்த்தே பாயும், எனவே நிறுத்தி நிறுத்தி இழுக்கிற இரை எடுபடும். பல்லுக்குப் பயந்து நூல் நுனியில் 30 செ.மீ. உருக்குக் கம்பி இரண்டு தண்ணீரிலும் வேணும்.

ஆகவே மண்ணுக்குக் 'கலங்கல்', மற்றதுக்கு 'ஊறல்நீர்' என்று என் முன்மொழிவு.

– க.

*

தம்பி, பிரித்தது சரி. ஆனால் 'ஊறல்' எங்கள் ஊர்ச் செய்தித்தாளில் காவல்துறை பானை பானையாக அழிக்கிற சாராய ஊறல். சித்த மருத்துவர்கள் மட்டும்தான் அதை நல்ல பொருளில் படிப்பார்கள்.

'துவர்நீர்' எப்படி? நிறத்துக்குக் காரணம் இலையிலும் பட்டையிலும் இருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள்கள். துவர் என்பதற்குச் செந்நிறம் என்ற பொருளும் உண்டு. துவராடை என்றால் காவி உடை. காரணமும் நிறமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. உவர்நீர் என்று தவறாகப் படிக்க வாய்ப்பிருக்கிறது, அச்சில் கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

'கலங்கல்' தனியாக வேண்டாம். ஏரிப் பாசன ஊர்களில் அது உபரிநீர் வழிகிற கலிங்கு. 'கலங்கல் நீர்' என்று முழுதாகப் போடுவோம்.

– சு.

*

துவர்நீர் எனக்குச் சம்மதம் அண்ணா. காட்டாற்றில் பெருமழை பெய்தால் இரண்டும் சேர்ந்தே வரும். அதற்குத் தனிச்சொல் தேவையில்லை, 'கலங்கிய துவர்நீர்' போதும்.

இன்னொன்று சேர்க்க வேணும்: கண்ணுக்கு எட்டும் ஆழம். இதற்குத் 'தெளிவாழம்'. ஏரியில் இதை 1865இல் இத்தாலிய வானியலாளர் செக்கி அறிமுகப்படுத்திய வட்டத் தட்டை இறக்கி அளக்கிறார்கள். ஆற்றில் தட்டு ஓட்டத்தோடு சாய்ந்துவிடும், அளவு பொய்யாகும். தூண்டில் தடியின் நுனியில் 15 செ.மீ.க்கு ஒரு வெள்ளை நாடா சுற்றி, நிழல் விழும் பக்கத்தில் செங்குத்தாக இறக்கிப் பார்த்தால் போதும். மறைகிற இடத்தையும், மேலே தூக்கும்போது திரும்பத் தெரிகிற இடத்தையும் குறித்து நடுவை எடுக்க வேணும்.

கலங்கல் நீர் வடிந்து, தெளிவாழம் 30க்கும் 60 செ.மீ.க்கும் இடையில் பச்சை தட்டி நிற்கிற தறுவாய்தான் ஸ்டீல்ஹெட்டுக்கு வாய்ப்பானது. அந்தத் தறுவாய்க்குப் 'பாசிநீர்' என்று யாரோ வரைவில் எழுதியிருக்கிறார்கள். நீக்கிவிடுங்கோ, அங்கே பாசி ஒன்றும் இல்லை. 'வடிபச்சை' என்று போடலாம். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கோ.

– க.