பக்தபூரில் புகை எப்போது குறையும்? காத்மாண்டுவில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். கணவரின் வேலைக்காக அக்டோபரில் நேபாளத்தில் காத்மாண்டு பக்கத்திலிருக்கும் பக்தபூருக்கு வந்தோம். அப்போது மொட்டை மாடியில் நின்றால் பனிமலை பளிச்சென்று தெரியும். இப்போது ஜனவரி, எதிர் வீட்டுக் கூரையே மங்கல்தான். காயப்போட்ட வெள்ளை வேட்டியை உதறினால் கரித்தூள் பறக்கிறது.

சுற்றிலும் மலை, குளிர்காற்று கிண்ணத்துக்குள் மாதிரி அடியில் தங்கிவிடுகிறது. செங்கல் சூளைப் புகையும் வண்டிப் புகையும் மேலே போக வழியில்லை என்கிறார்கள். மதியம் வெயில் ஏறினால் கொஞ்சம் தேவலை.

எங்களோடு இருக்கும் மாமியாருக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் இருக்கிறது, டாக்டரையும் பார்த்தாயிற்று. ஆனால் விடியற்காலை நடையை விடமாட்டேன் என்கிறார். (மதுரையில் 20 வருடப் பழக்கம், யார் சொல்லிக் கேட்பார்?)

பிப்ரவரியில் குறையுமா? மார்ச், ஏப்ரலில் காட்டுத்தீப் புகையும் சேர்ந்துகொள்ளும் என்று பக்கத்து வீட்டு தீதீ (அக்கா) பயமுறுத்துகிறார். அப்படியானால் ஜூனில் மழை பிடிக்கும்வரை அத்தையை ஊருக்கு அனுப்பிவிடலாமா? ஏர் பியூரிஃபையர் வாங்கியவர்கள், கரண்ட் போகும் நேரத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஜன்னல் இடுக்கை அடைக்க என்ன வைத்தீர்கள்? நான் பழைய புடவையைத் திணித்திருக்கிறேன், புகை நிற்கவில்லை.