போக்கர் சீட்டாட்டத்தை முழுநேரத் தொழிலாக எடுக்கலாமா?

மண்டபம் பையன்:
அண்ணே, பி.காம். முடித்துவிட்டு அப்பாவோடு விசைப்படகுக்குப் போகிறேன். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கர் 86 டாலர் தகுதிச் சுற்று வழியாக உள்ளே போய், போக்கர் உலகத் தொடரில் 25 லட்சம் டாலர் ஜெயித்ததைப் படித்ததிலிருந்து தூக்கமே வரவில்லை. போக்கர் ஆடியே பிழைக்க முடியுமா?

தேவிபட்டினத்தான்:
தம்பி, 86 டாலர் கட்டித் தோற்றவன் கதையை எவன் எழுதினான்? நன்றாக ஆடுகிறவனே மாதக்கணக்கில் தோற்பான், அதைத் தாங்க வீட்டுப் பணம் தனி, ஆட்டப் பணம் தனி என்று பிரித்து வைக்க வேண்டும். நான் பிரிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து கணக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தால், வலை வாங்க வைத்திருந்த 40,000 காணோம்.

கீழக்கரை அக்கா:
அதோடு 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தையே தடை செய்கிறது. சரி, கோவா கேசினோ என்றால், ஜெயித்ததில் 30 சதவீதம் வரி, தோற்றதைக் கழிக்கவும் விட மாட்டார்கள்.

மண்டபம் பையன்:
அப்போ மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் சும்மாதானா?

தேவிபட்டினத்தான்:
கிழிந்த வலை கிடக்குமே, அதைப் பொத்து.