புதுப்பிப்பு: 18 வயதுக்கு முன் ஹார்மோன் சிகிச்சை

திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகள் ஹார்மோன் சிகிச்சைக்கு முதலில் மனநல மருத்துவர், பிறகு ஹார்மோன் மருத்துவர் என்ற வரிசையில் போக வேண்டும் என்று மட்டும் முன்பு எழுதியிருந்தோம். அதன்பின் அதிகம் வந்த கேள்விகள் இரண்டு.

பெற்றோர் கையெழுத்து இல்லாமல் முடியுமா? இந்தியாவில் 18 ஆகும்வரை பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். வீட்டில் பேசப் பயமாக இருந்தால் மனநல மருத்துவரிடமே சொல்லுங்கள், பெற்றோரை உட்காரவைத்துப் பேசுவதும் அவர் வேலைதான். “பாலின உணர்வை மாற்றிக் காட்டுகிறேன்” என்பவரிடம் மறுபடி போகாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பையொட்டி, அது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது.

சிகிச்சை தொடங்கும்வரை திருநங்கைப் பிள்ளைகள் கருத்தடை மாத்திரை போடலாமா? வேண்டவே வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன். மருத்துவர் தரும் எஸ்ட்ரடையாலைவிட இதில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள், யாரும் திட்டினாலும் பரவாயில்லை.

இன்னொன்று: ஹார்மோன் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் பலர் கோட்டைவிடும் இடம் பயோட்டின் என்ற வைட்டமின். முடி வளர என்று விற்கும் மாத்திரைகளில் இருக்கும் இது, சில ஆய்வக முறைகளில் எஸ்ட்ரடையால், டெஸ்டோஸ்டிரோன் அளவுகளைக் கூட்டிக் காட்டும். எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று ஆய்வகத்திலேயே கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் திருநம்பிகள், கடைசி ஊசி தேதியைப் பரிசோதனைச் சீட்டின் மேலேயே எழுதிவையுங்கள். தேதி தெரியாத அளவை வைத்து மருத்துவர் எதையும் முடிவு செய்ய முடியாது.