ஸ்டிக்கர்ல உள்ள எழுத்தை நம்பி டயர் வாங்கலாமா? (தென்காசி – புனலூர் ஓட்டம்)

சாரல்55
46,000 கிலோமீட்டர் ஓடியாச்சு. வண்டியோட வந்த நாலு டயரும் மொட்டை. வாரம் ரெண்டு தடவை தென்காசியிலிருந்து புனலூர் போய் வாரேன். கடையில ஒரு டயர்ல பெட்ரோல் சிக்கனம் 'பி'ன்னு ஸ்டிக்கர் இருக்கு (ஏ-தான் உசத்தி, அப்புறம் பி, சி, டி), இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல. டயருக்கு 800 ரூபாய் வித்தியாசம். அந்த எழுத்துக்காக 3,200 கூடக் குடுக்கலாமா?

மலைப்பாதை டாக்சி
குடுத்திராதீரும். போன வருசம் ஏமாந்தவன் சொல்லுதேன். ஸ்டிக்கர் டயர் மாட்டின மறுவாரமே லிட்டருக்கு 19 குடுத்த வண்டி 18-க்கு இறங்கிட்டு. புளியரை ஏத்தத்துல நூறடிக்கு அஞ்சடி ஏறினா ஒரு டன் வண்டிக்கு 50 கிலோ இழுவை வேணும். டயர் உருள வேண்டிய இழுவையில பி-க்கும் சி-க்கும் ஒண்ணு ரெண்டு கிலோதான் வித்தியாசம். யானைப் பசிக்குச் சோளப்பொரி!

வாய்க்கணக்கு
அண்ணாச்சி, ஏறும்போது குடுத்ததுல கொஞ்சத்தையாவது இறக்கம் திருப்பித் தரும். டயர் தின்னது தின்னதுதான். ரப்பர் அமுங்கி விரிஞ்சு சூடாகியே போயிரும். புனலூர்ல நிறுத்தித் தொட்டுப் பாருங்க.

அந்த 19-ம் நிஜமில்ல. மொட்டை டயர்ல ரப்பர் கம்மி, புதுசைவிட லேசா உருளும். ஆறு மில்லிமீட்டர் தேஞ்சா விட்டத்துல 12 குறையும். சக்கரம் கூடச் சுத்தும், மீட்டர் ரெண்டு சதவீதம் போல கூட்டிக் காட்டும்.

மலைப்பாதை டாக்சி
சரி, அந்த எழுத்தைப் போடுறது யாரு? டயர் செஞ்சவனே அளந்து அவனே ஒட்டிக்கிடுதான். அதுவும் இரும்பு உருளை மேல, புது டயரை, 80 வேகத்துல ஓட்டி. ஆரியங்காவு வளைவுல 80-ல போவீரா வே?

வாய்க்கணக்கு
போக மாட்டேன். ஆனா எல்லா டயரும் அதே உருளையிலதான் ஓடுது, ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட அது போதும். பி-ன்னா டன்னுக்கு 6.6-லிருந்து 7.7 கிலோ, சி-ன்னா 9 வரை. ரெண்டே சதவீதம் மிஞ்சினாலும் 40,000 கிலோமீட்டருக்கு, 18 மைலேஜ்ல, 44 லிட்டர். லிட்டர் நூறுன்னே வையுங்க, 4,400.

புனலூர் மருமகள்
ரெண்டு பேரும் பெட்ரோலையே கட்டிக்கிட்டு அழுறீங்க. அதே ஸ்டிக்கர்ல மழைப் படம் போட்டு இன்னொரு எழுத்து இருக்கு, ஈரத் தரையில பிரேக் எப்படிப் பிடிக்கும்னு. போன ஆடியில தென்மலை இறக்கத்துல ரப்பர் ஷீட் ஏத்தின ஜீப் திடீர்னு நின்னுட்டு. நான் பிரேக் மேல ஏறி நின்னும் வண்டி வழுக்கி, அதோட பின்பலகைக்கு ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. சிக்கனம் ஏ-ன்னு ஆசையா வாங்கின டயர். மழைக்கு டி-ன்னு வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். சிலிக்கா கலந்த டயர்ல ரெண்டும் நல்லா வரும். ரெண்டு எழுத்தையும் கேட்டு வாங்குங்க.

சாரல்55
கடைக்குப் போன் போட்டேன் அக்கா. மழை எழுத்தைக் கேட்டா, "ஸ்டிக்கரைக் கிழிச்சு எறிஞ்சாச்சே சார்"ங்கான்.

மலைப்பாதை டாக்சி
பார்த்தீரா, இம்புட்டுதான் உம்ம ஸ்டிக்கர்!

அது கிடக்கட்டும், இப்பதான் பங்க்ல காத்து பார்த்தேன். 32 இருக்க வேண்டிய இடத்துல பின்னால ரெண்டும் 25. மைலேஜ் இறங்கினதுக்கு இதுவும் காரணம்னு சொல்லிறாதீரும்.

வாய்க்கணக்கு
சொல்லத்தான் போறேன் அண்ணாச்சி.