வரலாறு எழுதும் நூலகர்கள்: உங்களுக்கு வாய்த்தவர் யார்?

ஆய்வு செய்த காலத்தில் நெறியாளரைவிட ஒரு பல்கலைக்கழக நூலகரிடம்தான் நான் அதிகம் கற்றேன். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். பெயர் போடுவதை விரும்பமாட்டார் என்பதால் மேடம் என்றே எழுதுகிறேன்.

என் தலைப்பு குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள். சென்னையில் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற சின்னப் புத்தகங்கள் அவை. கொலை, ரயில் விபத்து, 1924 காவிரி வெள்ளம் என்று எது நடந்தாலும் உடனே பாட்டாகி அச்சேறிவிடும். மட்டமான தாள், படித்ததும் தூக்கிப் போடுகிற பழக்கம் எல்லாம் சேர்ந்து பெரும்பாலானவை அழிந்துவிட்டன. கைக்குக் கிடைக்காத புத்தகத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று மேடத்திடம் போய் நின்றேன். "புத்தகம் போனா போகட்டும் தம்பி, அது அச்சானதுக்குச் சாட்சி இருக்கே" என்றார்.

அவர் சொன்ன சாட்சி 1867-ஆம் ஆண்டு அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தால் உருவானது. அன்று அச்சான ஒவ்வொரு நூலின் படியையும் அரசிடம் கொடுத்தாக வேண்டியிருந்தது. வந்தவற்றையெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலாக அரசிதழான கெஜட்டோடு வெளியிட்டார்கள். நூல் பெயர், எழுதியவர், அச்சகம், பக்கம், எத்தனையாவது பதிப்பு, எத்தனை படி, விலை என்ன என்று வரிசையாக இருக்கும். நாட்டில் யார் என்ன அச்சிடுகிறார்கள் என்று கண்காணிக்க வெள்ளைக்கார அரசு செய்த ஏற்பாடு அது. அதையே வாசகரின் வரலாறாகப் படிக்க மேடம் கற்றுக்கொடுத்தார். இலக்கண நூல் ஐந்நூறு படி, ஒரு ரூபாய், பக்கத்து வரியில் ஒரு சிந்துப் பாட்டுப் புத்தகம் இரண்டாயிரம் படி, அரையணா என்று இருந்தால், "இப்ப சொல்லு, தெருவுல எதைப் படிச்சிருப்பாங்க?" என்பார். எழுதியவர் பெயரை விட்டுவிட்டு அச்சகத்தின் முகவரியைப் பின்தொடரச் சொன்னதும் அவர்தான். என் ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் அந்த ஒரு யோசனையில் நிற்கின்றன.

அப்புறம் அக்சஷன் ரிஜிஸ்டர். நூலகத்துக்குள் வரும் புத்தகத்துக்கு எண் போடும் வரவுப் பதிவேடு. நமக்கு அது கணக்கு நோட்டு. எந்த ஆண்டு எந்தத் துறைக்குக் காசு ஒதுக்கினார்கள், யார் வீட்டுச் சேகரிப்பு நன்கொடையாக வந்தது, எதைக் கழித்துக் கட்டினார்கள் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் மனம் முழுக்க அதில் இருப்பதை மேடம் காட்டினார். அதை வைத்தே அவர் கட்டுரைகள் எழுதினார். நூலகவியல் இதழ்கள் இது வரலாறு என்று திருப்பி அனுப்பின. வரலாற்று இதழ்கள் இது நூலகவியல் என்றன. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மூலம் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவரை வரலாற்றாசிரியராக ஏற்க ஏன் இவ்வளவு தயக்கம்?

மயிலாப்பூரில் பிறந்த பி. எஸ். கேசவனை அவர் அடிக்கடி சொல்வார். சுதந்திரத்துக்குப் பின் கல்கத்தா தேசிய நூலகத்தை நடத்தியவர். வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் அந்த நூலகத்துக்கு வர வேண்டும் என்று 1954-இல் சட்டம் வந்தது. அப்படி வந்த நூல்களைக் கொண்டு இந்திய தேசிய நூற்பட்டியல் 1958 முதல் வெளிவந்தது. ஓய்வுக்குப் பிறகு அதே மனிதர் இந்திய அச்சு, பதிப்பு வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதினார். பட்டியல் போட்ட கைதான் அப்படி ஒரு வரலாற்றை எழுத முடியும் என்பது மேடத்தின் கட்சி. என் கட்சியும் அதுவே.

உங்களுக்கு வாய்த்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

மறுமொழி (கண்டியிலிருந்து):

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். அங்கே நூலகராக இருந்த இயன் குணதிலகவை நேரில் கண்டதில்லை. அவருடைய இலங்கை நூல்விபரப் பட்டியலோடுதான் என் பழக்கம். 1970-இல் தொடங்கி 1983 வரை ஐந்து தொகுதிகள். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து மேற்கத்திய மொழிகளில் இலங்கை பற்றி வந்தவற்றைத் தேடித் தொகுத்து, பலவற்றுக்குக் குறிப்பும் எழுதியிருக்கிறார். ஒரு பதிவைத் தேடிப் போனால் இன்னும் பத்துப் பதிவுகள் இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் தமிழ் நூல்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. எரிந்ததை மீட்க வேண்டுமென்றால் முதலில் என்னென்ன இருந்தன என்று தெரிய வேண்டுமே. ஆகவே ஈழத்துத் தமிழ் நூல்களைப் பட்டியலிடும் என். செல்வராஜா அண்ணரின் நூல்தேட்டம் எனக்குப் பெரிய விஷயம். அவரும் நூலகர்தான். தொகுதிக்கு ஆயிரம் நூல், ஒவ்வொன்றுக்கும் சிறுகுறிப்பு. ஈழத்து நூல்களைப் பற்றி எழுதும் எவரும் இன்று அதைத் தொடாமல் நகர ஏலாது.

நீங்கள் சொன்ன காலாண்டுப் பட்டியலை எங்கே பார்க்கலாம்? அந்தக் காலத்தில் சென்னையில் அச்சான யாழ்ப்பாணத்தார் நூல்கள் பல. அவற்றைத் தேட வேண்டும்.

பதில்:

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கெஜட் தொகுதிகள் இருக்கின்றன, அக்கா. கெஜட் என்று மட்டும் கேட்காதீர்கள். அதன் இணைப்புகளும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்டையும் காலாண்டையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு போனால் தேடுவது சுலபம்.