தசரா லீவில் மாசாய் மாரா: இரண்டு கொட்டேஷனுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பெல்லந்தூர்_வித்யா:
வணக்கம். நாங்கள் இருவர், 7 வயதுப் பையன், மாமனார் (67), மாமியார் (62). அக்டோபரில் தசரா லீவுக்கு கென்யா போகலாம் என்று யோசனை. நைரோபியில் ஓர் இரவு, மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் (ரிசர்வ்) 3 இரவு. இங்கே பெங்களூருவில் இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கினோம். ஒன்று மற்றதில் பாதிதான் வருகிறது. இரண்டிலும் "4 கேம் டிரைவ்" (வண்டியில் விலங்கு பார்க்கும் சுற்று) என்றே போட்டிருக்கிறது. மலிவானதில் மட்டும் கடைசியில் பொடி எழுத்தில் "பார்க் கட்டணம் தனி". எதை வைத்து ஒப்பிடுவது? ஏப்ரல்-மே லீவுக்கு மாற்றினால் செலவு குறையுமா? பெரியவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? சுத்த சைவம் வேறு.

நரோக்_ரோடு:
மேடம், அந்தப் பொடி எழுத்தில்தான் மீதிப் பாதி இருக்கிறது. மாரா ரிசர்வ் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளுக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100. 9 முதல் 17 வயதுக்கு 50. உங்கள் பையனுக்கு இல்லை.

இதில் "நாள்" என்றால் 24 மணி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். காலை 6 முதல் மாலை 6 வரைதான் டிக்கெட். மலிவான கேம்ப் பெரும்பாலும் செகெனானி, தாலேக் கேட்டுக்கு வெளியே இருக்கும். அந்த "4 டிரைவ்" கணக்கைப் பாருங்கள். நைரோபியிலிருந்து காலை 7 மணிக்குக் கிளம்பினால் கேம்ப் சேர மதியம் ஒன்று, இரண்டு. சாப்பிட்டு 4 மணிக்கு உள்ளே போய் 6 மணிக்கு வெளியே. அந்த இரண்டு மணி நேரத்துக்கு நாலு பேருக்கு 800 டாலர். அடுத்த இரண்டு நாளுக்கு 1600. கடைசி நாள் காலையில் ஒரு சுற்று உள்ளே போனால் இன்னொரு 800. ஆக 3200.

இதற்குப் பதில் வந்த அன்றும் கிளம்பும் அன்றும் ரிசர்வுக்குள் போகவே வேண்டாம். நடுவில் உள்ள இரண்டு நாளும் காலை 6 மணிக்குக் கேட்டில் நில்லுங்கள். மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு மாலை வரை உள்ளேயே இருங்கள். 1600 டாலரில் 24 மணி நேரம் காடு. நம்ம கபினி காட்டு சஃபாரி மாதிரி மூன்றரை மணி நேரத்தில் திரும்பச் சொல்லி யாரும் விரட்டமாட்டார்கள்.

ரிசர்வுக்கு உள்ளேயே தங்கினால் கடைசி நாள் காலை 10 மணிக்குள் வெளியேறினால் போதும், புது டிக்கெட் கிடையாது. 3 இரவுக்கு 3 டிக்கெட், 2400. அறை வாடகை கூடும். ஆனால் கடைசிக் காலை மிச்சம், கேட்டில் வரிசையும் இல்லை.

ஆகவே இருவரிடமும் இதைக் கேளுங்கள்: கேம்ப் கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா, எத்தனை நாள் டிக்கெட் சேர்ந்திருக்கிறது, முழு நாள் டிரைவா அரை நாளா. எழுத்தில் வாங்குங்கள்.

கரிசல்காட்டான்:
டிக்கெட் கணக்கு சரி. வண்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த மலிவுக் கொட்டேஷனில் "சஃபாரி வேன்" என்று இருக்கிறதா பாருங்கள். கூரை தூக்கும், ஆனால் அது அடிப்படையில் சாதாரண வேன். தரையிலிருந்து உயரம் குறைவு. மாராவில் பல இடத்தில் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கத்து ஆளுக்கு விளக்கவே வேண்டாம்: காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், ஒரு மழை விழுந்தால் களி. சக்கரத்தில் அப்பி, பள்ளமே நிரம்பி, டயர் வழுவழு என்று உருளையாகிவிடும். அப்புறம் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி புதையும். இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுக்கும்வரை அங்கேதான்.

ஐந்து பேருக்கு ஒரு லேண்ட் குரூசரைத் தனியாகவே எடுங்கள். வண்டிக்கு நாள் வாடகை, தலைக்கு அல்ல. ஷேரிங்கில் போனால் ஜன்னல் சீட்டுக்கு உத்தரவாதம் இல்லை. பெரியவருக்கு ஒன்பது மணிக்கே பாத்ரூம் போகவேண்டும் என்றாலும் மற்றவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல்-மே கேட்டிருந்தீர்கள். கட்டணம் பாதி, உண்மைதான். ஆனால் மார்ச் முதல் மே வரை பெருமழை. புல் இடுப்பளவு நிற்கும், சிங்கம் படுத்தால் காது மட்டும்தான் தெரியும். சில கேம்ப்களே மூடிவிடும். பையனுக்கும் பெரியவர்களுக்கும் அக்டோபர்தான் என் ஓட்டு. வில்டபீஸ்ட் (காட்டுமாடு மாதிரி ஒரு மான் இனம்) மந்தை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மந்தை கரையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போகும்.

ஜயநகர்_மருந்தகம்:
ஊசி விஷயத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் மஞ்சள் அட்டை (ஊசி போட்டதற்கான சான்று) செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து இறங்கினால் நம்ம ஊர் விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். கண்டிப்பு காட்டுவது திரும்பி வரும்போது இங்கேதான்.

இதை எல்லா கிளினிக்கிலும் போடமாட்டார்கள், மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கலந்தபின் 6 மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாளில் ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அட்டையில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 60 தாண்டியவர்களுக்கு முதல்முறை போடும்போது கடும் பக்கவிளைவுக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். மாமனார், மாமியார் மூட்டுவலிக்கு மெத்தோட்ரெக்சேட், ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஏதாவது எடுக்கிறார்களா? முட்டை அலர்ஜி? டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். விலக்குக் கடிதம் தரலாம், ஆனால் அதை ஏற்பது விமான நிலைய சுகாதார அதிகாரியின் கையில். மலேரியா மாத்திரையையும் அதே நாளில் கேளுங்கள். அட்டோவாக்கோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பிறகு 7 நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடரவேண்டும். 8 வயதுக்குக் கீழே டாக்ஸிசைக்ளின் பொதுவாகத் தருவதில்லை.

லென்ஸ்_துடைப்பான்:
சில்லறை விஷயங்கள். கென்யாவில் பிளாஸ்டிக் பைக்கு 2017 ஆகஸ்டிலிருந்து தடை. முறுக்கு, புளிக்காய்ச்சல் எல்லாம் கேரி பேக்கில் வேண்டாம், எவர்சில்வர் டப்பா, துணிப்பை. பார்க்குக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது, ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் போதும். சைவத்துக்குப் பயப்படவேண்டாம், அங்கே குஜராத்திகள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். சப்பாத்தி உள்ளூர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. கட்டித்தரும் மதியச் சாப்பாட்டில்தான் கோழி வந்து சேரும், முந்தின இரவே சமையலறையில் சொல்லிவையுங்கள்.

சார்ஜருக்குச் சதுர மூன்று பின் அடாப்டர் வேண்டும். கறுப்பு, கருநீல உடை வேண்டாம், ட்சேட்சே என்ற கடிக்கும் ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். மாரா 1500 மீட்டருக்கு மேல். விடியலில் கூரையைத் தூக்கினால் குளிர்காற்று முகத்தில் அறையும், பையனுக்குக் குரங்குக் குல்லா எடுங்கள். கேமராவுக்கு வெற்றுத் துணிப்பை ஒன்றை எடுத்துப் போய் நைரோபியில் அரிசி வாங்கி நிரப்பிக் கூரை விளிம்பில் வைத்தால் ஸ்டாண்டே தேவையில்லை. வண்டி ஓடும்போது லென்ஸ் மாற்றாதீர்கள், புழுதி சென்சாரில் உட்காரும்.

பெல்லந்தூர்_வித்யா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மலிவுக் கொட்டேஷனில் வேன்தான், கேம்ப்பும் கேட்டுக்கு வெளியே. இன்னொன்று: பக்கத்தில்தானே தான்சானியாவின் செரங்கெட்டி காடு, ஒரு நாள் சேர்க்கலாமா என்று மாமனார் கேட்கிறார்.

நரோக்_ரோடு:
வரைபடத்தில் ஒட்டியே இருக்கும், ஆனால் இடையில் உள்ள மணல் ஆறு (சாண்ட் ரிவர்) எல்லை வழியே சுற்றுலாப் பயணிகள் தாண்ட முடியாது. இசிபேனியா எல்லை வரை சுற்ற வேண்டும், அங்கே வண்டி மாறவேண்டும். தான்சானியாவுக்குத் தனி விசா, இந்தியர்களுக்கு 50 டாலர். கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்கான கூட்டு விசாவில் தான்சானியா இல்லை. போகவர இரண்டு நாள் சாலையிலேயே போய்விடும். ஐயாவிடம் சொல்லுங்கள், மாராவும் செரங்கெட்டியும் நடுவில் வேலியில்லாத ஒரே சமவெளிதான். அக்டோபரில் மந்தையில் ஒரு பகுதி ஆற்றின் இந்தப் பக்கமே மேய்ந்துகொண்டிருக்கும்.